அவிழ்த்துக் காய வைக்கும் படகு

கட்டுமரம் என்ற பெயரிலேயே அதன் சூட்சுமம் இருக்கிறது. கட்டியது, ஆகவே அவிழ்க்கலாம். சோழமண்டலக் கரை மீனவர்கள் கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும். காய்ந்தால்தான் மறுநாள் நன்றாக மிதக்கும். இப்போது அந்த இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. ‘கட்டமரான்’ என்று ஆங்கிலத்துக்குப் போன சொல் இரட்டை உடல் கொண்ட படகுகளுக்குப் பெயராகிவிட்டது. அவற்றை யாரும் தினமும் அவிழ்த்துக் காய வைப்பதில்லை.

எங்கள் தருமபுரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஒகேனக்கல் இருக்கிறது, அங்கே பரிசல் இருக்கிறது. மூங்கில் பிளாச்சுகளைக் கூடை மாதிரிப் பின்னி, வெளியே தோல் போர்த்தினால் பரிசல். முன்பு மாட்டுத்தோல், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். எலும்பும் தோலுமான படகு. அதனால்தான் ஒற்றை ஆள் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையேற முடிகிறது. வடதுருவத்து இனுயிட் மக்களின் கயாக்கும் இதே குடும்பம்தான். மூங்கிலுக்குப் பதில் மிதந்து வந்த கட்டையும் எலும்பும், மாட்டுத்தோலுக்குப் பதில் கடல்நாய்த் தோல்.

கட்டுமரத்தின் அவிழ்ப்பையும் பரிசலின் எலும்பு-தோலையும் சேர்த்தால் என்ன வருமோ, அதை ஜெர்மனியில் ஒரு மாணவர் செய்தார். 1905இல் ஆல்ஃபிரட் ஹயூரிஷ் என்பவர் கழற்றி மடிக்கக்கூடிய கயாக் ஒன்றைக் கட்டி, ஈசார் ஆற்றில் மியூனிக் வரை துடுப்புப் போட்டு வந்தார். 1907இல் அதைத் தயாரிக்கும் உரிமையை வாங்கிய கிளெப்பர், ரோசன்ஹைம் ஊரின் தையற்காரர். படகுக்குத் தோல் தைப்பதுதான் பாதி வேலை என்பதால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வீட்டில் படகு நிறுத்த இடமில்லாதவர்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி ஆற்றுக்குப் போனார்கள். அந்த வகைப் படகில்தான் 1932இல் வேலையிழந்த ஆஸ்கர் ஸ்பெக் உல்ம் நகரில் டான்யூப் நதியில் இறங்கினார். இந்தியக் கரையோரமாக வந்து, இலங்கையைத் தொட்டு, ஏழு வருடத்தில் ஆஸ்திரேலியாவின் எல்லைத் தீவுகளை எட்டினார். அது 1939 செப்டம்பர். போர் தொடங்கியிருந்தது. எதிரி நாட்டுக்காரர் என்று பிடித்து அடைத்துவிட்டார்கள்.

பொங்கலுக்குக் காரிமங்கலம் வந்த என் தம்பி கொண்டுவந்த இரண்டு பைகளுக்குள் இருந்தது இந்த வம்சத்துப் படகுதான். குடும்பப் படகு. பெரியவர்கள் இரண்டு பேர், நடுவில் ஒரு குழந்தை. “குடும்பம்னா மூணு பேரா? அப்ப நான் யாரு?” என்று அம்மா கேட்டாள்.

வாசலில் பிரித்துப் பரப்பினோம். கூடாரக் கம்பி மாதிரி, உள்ளே ரப்பர் கயிறு ஓடும் அலுமினியக் குழாய்கள். குறுக்கே விலா எலும்புகள். முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியே கோத்துத் தோலுக்குள் இரண்டு பக்கமிருந்தும் நுழைத்து, நடுவில் இரண்டும் சந்திக்கும் இடத்தை அழுத்தி நேராக்க வேண்டும். அப்போதுதான் தோல் பறை மாதிரி இறுகுகிறது. பிறகு இரண்டு ஓரத்திலும் காற்றுக்குழல். கையேடு அரைமணி நேரம் என்றது, எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. “குடை ரிப்பேருக்கு வந்தவனுங்க மாதிரி உக்காந்திருக்கீங்க” என்று சொல்லிக்கொண்டே அம்மா இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தாள். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் என் ஒன்பது வயது மகளுக்குப் படகின் ஒவ்வொரு எலும்பும் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. தண்ணீரில் அவள் பயப்படாததற்குப் பாதிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

புதுப் படகைக் காற்றடங்கிய சிறு நீரில்தான் முதலில் விட்டுப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத வருடம், தை மாதக் காலை, ஊர் ஏரி. இதைவிட அமைதியான தண்ணீர் எங்கள் பக்கம் கிடையாது. ஆனால் ஏரியின் அமைதி மேலே மட்டும்தான். கீழே சீமைக்கருவேல முள் இருக்கும், அது படகின் தோலைக் கிழிக்கும். மதகுப் பக்கம் இழுவை இருக்கும். எல்லாவற்றையும்விட மோசம், கோடையில் மண் அள்ளிய குழிகள். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த அடியில் ஆளே மூழ்குவான். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது அப்படி ஒரு குழியில் பக்கத்துத் தெருப் பையன் போனான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஏரி என்ற வார்த்தைக்கே தடை.

அதனால் மீன் குத்தகைக்காரரிடம் முதல்நாளே போய்க் கேட்டோம். ஏரியின் அடித்தரை அவருக்கு மனப்பாடம். சாக்கில் கட்டிய தெர்மாகோல் தெப்பத்தில் உட்கார்ந்து, இரண்டு கையிலும் பலகைத் துண்டு வைத்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறவர். “வடக்கால போங்க. தெக்கால வலையும் இருக்குது, குழியும் இருக்குது” என்றார். மறுநாள் காலை தானே தெப்பத்தோடு வந்து நின்றார்.

முதல் வேலை, படகைக் கவிழ்ப்பது. நெஞ்சளவுத் தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டோடு, தம்பியும் என் கணவரும் வேண்டுமென்றே சாய்த்துக் கவிழ்த்தார்கள். கரையில் அம்மா போட்ட சத்தத்தில் கொக்குகள் பறந்தன. கவிழ்ந்தால் படகை விடக்கூடாது. துடுப்பையும் விடக்கூடாது. நிமிர்த்திய பிறகு ஒருவர் ஒரு பக்கத்தைப் பிடித்து அமுக்க, இன்னொருவர் எதிர்ப்பக்கத்தில் ஏற வேண்டும். மூன்று தடவை செய்தார்கள். மூன்றாவது தடவை அம்மா கத்தவில்லை. அவர்கள் எங்கே கை வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு முன்னால் நான், நடுவில் மகள், பின்னால் கணவர். இரட்டைத் துடுப்புப் படகில் பின்னால் இருப்பவர் திசையைப் பார்த்துக்கொள்வார், ஆனால் தாளம் முன்னால் இருப்பவருடையது. பின்னால் இருக்கிறவருக்குத்தான் முன்னால் தெரியும், எனவே அவர்தான் ஒத்துப்போக வேண்டும். “இடது! இடது!” என்று ஐந்து நிமிடம் கட்டளை போட்டவர், துடுப்புகள் நாலு தடவை மோதிக்கொண்ட பிறகு அடங்கினார். அதன்பின் படகு நேராகப் போனது.

கரைக்கு வந்ததும் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். “அந்தச் சட்டைய எனக்குப் போட்டுவுடு.”

எங்களுக்குத் தெரியாத ஒன்றை அன்றைக்குச் சொன்னாள். கொல்லைக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி அண்ணன்களோடு நீச்சல் பழகியவள் அவள். மேட்டிலிருந்து குதிப்பாளாம். “வயசுக்கு வந்ததும் கெணத்துப் படியில கால் வைக்காதேன்னுட்டாங்க. அவ்வளவுதான்.” ஐம்பது வருடம். கொஞ்ச தூரம் போனதும் என் துடுப்பை வாங்கி, பரிசல்காரர் மாதிரி ஒரே பக்கமாகப் போட்டாள். படகு திரும்பியது. “ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திப் போடும்மா” என்று தெப்பத்திலிருந்து குத்தகைக்காரர் சொன்னார். போட்டாள்.

திரும்பும்போது எனக்கு ஒன்று உறுத்தியது. நாங்கள் தடை என்று நினைத்தது பாதுகாப்பே இல்லை. ஏரிக்குப் போகாதே என்று சொன்னால் பையன்கள் சொல்லாமல் போகிறார்கள், குழி எங்கே இருக்கிறதென்று தெரியாமல். பெண்கள் போவதே இல்லை, எனவே பிள்ளை தத்தளிக்கும்போது கரையில் நிற்கும் தாய்க்குக் கத்த மட்டும்தான் தெரிகிறது. கோடை விடுமுறைதோறும் செய்தித்தாளின் உள்பக்கத்தில் வருகிற சாவுகள் பலவும் இப்படித்தான். விவரம் தெரிந்த பெரியவர்களோடு தண்ணீருக்குள் போவதற்கு எங்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அது இரண்டு பையில் மடிந்து வந்தது.

சாயங்காலம் மொட்டைமாடியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். மூட்டுகளில் மணல் தங்கினால் குழாய்கள் கழலாது. ஈரத்தோடு மடித்தால் தோல் பூசணம் பிடிக்கும். குழாய்களையும் விலாக்களையும் தனித்தனியே வெயிலில் பரப்பியிருந்ததைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா, “பந்தல் போடறீங்களா?” என்றார்.

ஏப்ரலுக்குள் ஏரி சேறாகிவிடும். மே மாதம் பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். அடுத்த மழைவரை படகு பையிலேயே கிடக்கும். அதைத் தம்பி வருத்தமாகச் சொன்னபோது, விலா எலும்பு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை.

“கெணத்துல தண்ணி இருக்குமில்ல? அதுக்குள்ள புள்ளைக்கு நீச்சல் பழக்கிடணும். சுரைக்குடுக்கை யார் வூட்ல இருக்குதுன்னு கேட்டு வை.”