துணி விற்பவர் உடுத்தும் துணி

சேலத்தின் முதல் அக்கிரகாரத்திலும் கடைவீதியிலும் இருந்த பழைய பட்டு ஜவுளிக் கடைகளில், வெள்ளை விரிப்பிட்ட மெத்தையின்மீது சம்மணமிட்டு அமர்ந்து, புடவைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிய விற்பனையாளர்கள் பெரும்பாலும் வெள்ளை வேஷ்டியும் வெள்ளைச் சட்டையுமாகவே வேலைக்கு வந்ததன் காரணம் என்ன என்ற கேள்வி, சில காலமாக என் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது. வர்ணங்களை விற்று ஜீவனம் செய்தவர்கள் தம் உடம்பில் ஒரு வர்ணத்தையும் ஏற்காமல் இருந்தது, வெறும் பழக்கத்தால் மட்டும் நேர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த எண்ணத்துக்குத் துணையாகப் பாரிஸ் நகரத்துச் செய்தி ஒன்றும் உண்டு. 1947-ஆம் ஆண்டில் தம் முதல் உடைத் தொகுப்பை வெளியிட்டு, யுத்த காலத்தின் சிக்கன உடைகளிலேயே முடங்கிக் கிடந்த ஐரோப்பியப் பெண்களின் தோற்றத்தை மாற்றியமைத்த கிறிஸ்தியான் தியோர், தம் தையற்கூடத்தில் இருக்கும் நேரங்களில் நீண்ட வெள்ளை அங்கி ஒன்றை அணிந்திருந்தார். அந்த ஊரின் பெரிய உடை நிலையங்களில் ஊசி பிடிக்கும் பெண்களும் ஆண்களும் இன்றைக்கும் வெள்ளை அங்கியே அணிகிறார்கள். உலகத்துக்கெல்லாம் நாகரிகம் வகுத்துக் கொடுப்பவர்கள், தாங்கள் வேலை செய்யும்போது கண்ணைப் பறிக்காத ஒரு வெண்மையில் ஒதுங்கி நிற்கிறார்கள் என்பதை அறிந்தபோது, எங்கள் ஊர் மெத்தைக் கடைகளின்மேல் எனக்கிருந்த மதிப்பு இன்னும் உயர்ந்தது.

என் தமக்கையின் கல்யாணத்துக்குப் பட்டெடுக்க அம்மாவுடன் சென்ற அந்தப் பகற்பொழுது இப்போதும் நினைவில் தெளிவாக இருக்கிறது. எங்களுக்குப் புடவை காட்டியவர் அறுபதைக் கடந்த பெரியவர். சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருந்தார். சட்டைப்பையில் பேனாவோ காகிதமோ கிடையாது. விரலில் மோதிரமும் மணிக்கட்டில் கடிகாரமும் கிடையாது. நெற்றியில் மெல்லிய கீற்றாக விபூதி இருந்ததே தவிர, அந்தக் காலத்துப் பெரியவர்கள் வழக்கமாகப் பூசிக்கொள்ளும் கைகளில் அதன் சுவடு இல்லை. அம்மா புடவைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தபடியே, “என்ன கண்ணு, கையையே பார்க்கிறே? மோதிரம் போட்டா சரிகை மாட்டி இழுத்துரும். ஒரு இழை போனாப் புடவையே போச்சு” என்றார். பிறகு, கேளாமலே மற்றவற்றையும் சொன்னார். பேனா என்றைக்காவது ஒருநாள் மை கசியும். கையில் பூசிய திருநீறு பட்டின்மேல் உதிரும். வெற்றிலை போட்டவன் வாய் திறந்து பேசினால் தெறிக்கும் என்பதால், கடை சாத்தும் வரைக்கும் அவர் வெற்றிலையைத் தொடுவதில்லை.

சட்டை எதற்காக வெள்ளை என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அம்மா எடுத்து வைத்திருந்த அரக்கு நிறப் புடவையின் முந்தியைத் தம் தோளில் போட்டு, கரை முழுவதும் தெரியும்படி மார்பின் குறுக்கே விரித்துப் பிடித்தார். அதுவரை மெத்தையில் மடிந்து கிடந்த புடவை, அந்த வெண்மையின்மேல் ஏறியதும் தன் நிறத்தை முழுவதும் வெளியிட்டது. அடுத்து, பின்னால் மாட்டியிருந்த ஒரு பச்சைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, அதன்மேல் அதே புடவையை வைத்துக் காட்டினார். அரக்கு தன் இயல்பான நிறத்திலிருந்து மாறித் தெரிந்தது. “பார்த்தியா? நான் பச்சை போட்டுக்கிட்டா உங்கம்மாளுக்குப் பொய்யான நிறத்தைக் காட்டுறேன்னு அர்த்தம்” என்றார். ஒரு தொழிலின் தர்மம் இத்தனை எளிதாக, ஒரு துண்டின் துணையுடன், போதிக்கப்பட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தப் புடவையைத்தான் அம்மா வாங்கினாள்.

விற்பவரின் நிலை இதுவென்றால், நெய்பவரின் உடையை அவருடைய குழித்தறியே தீர்மானித்துவிடுகிறது. இடுப்பளவுக்குக் குழியில் கால்களை இறக்கி மிதிகளை மாறி மாறி மிதிப்பவருக்குத் தழையத் தழைய வேஷ்டி உடுத்துவது சாத்தியமில்லை. நாடாவை வீசும் கைக்கு நீண்ட சட்டைக் கை தடை. ஆகையால் மடித்துக் கட்டிய கைலியும் பனியனும், வேர்வை துடைக்க ஒரு துண்டும் அவருக்குப் போதும். புவிசார் குறியீடு பெற்ற சேலத்து வெண்பட்டை நெய்யும் அம்மாப்பேட்டை வீடுகளில், வேர்வைத் துளியொன்று விழுந்தாலும் கறையாகிவிடுமே என்று, நெய்த பகுதியின்மேல் பழைய வேஷ்டித் துணி ஒன்றைப் போர்த்திக்கொண்டு வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை அணியப்போகும் வெண்பட்டு வேஷ்டிக்காகத் தம் வேஷ்டியைக் கிழித்துக் கொடுத்த அந்த மனிதர்களின் சிரத்தையை எண்ணும்போது என் உள்ளம் நெகிழ்கிறது.

துணித் தொழிலில் இருப்பவர் எதை உடுத்த வேண்டும் என்ற விஷயத்தில் மிகத் தீர்க்கமான அபிப்பிராயம் கொண்டிருந்தவர்கள் இந்தப் பிரதேசத்துக் கதர்க்காரர்கள்தாம். ஈரோட்டில் பெரும் வர்த்தகராக விளங்கிய பெரியார், காங்கிரசில் இருந்த நாட்களில் கதர் மூட்டையைத் தம் தோளிலேயே சுமந்து ஊர் ஊராக விற்றார். தம் குடும்பத்தாரையும் கதர் உடுத்தச் செய்தார். 1925-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமம், மழை பொய்த்துத் தவித்த அந்த வட்டாரத்துக் கிராமப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, நூற்றுக் கொணர்ந்த நூலுக்குக் கூலி கொடுத்து, அதைத் துணியாக்கி விற்றது. ராஜாஜியும், அங்கே வந்து தங்கி 1929-இல் ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையின் வேலையில் அவருக்குத் துணைநின்ற கல்கியும் கதரையே உடுத்தினார்கள். தான் உடுத்தாத துணியை மற்றவருக்கு விற்பது முறையன்று என்பது அவர்கள் கொள்கை. முரட்டுக் கதர் வெயிலில் எப்படி இருக்கும், துவைத்தால் எப்படி இளகும் என்று வாங்குகிறவர் கேட்டால், தம் உடம்பின் அனுபவத்திலிருந்தே அவர்களால் பதில் சொல்ல முடிந்தது.

இன்று மெத்தைக் கடைகள் அருகிவிட்டன. அடுக்கு மாளிகைகளாக உயர்ந்துவிட்ட ஜவுளிக் கடைகளில், கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றபடியே புடவை விரிக்கிறார்கள். அவர்கள் உட்காருவதற்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று சொல்ல, 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. அவர்களில் பலருக்குச் சீருடையாகக் கொடுக்கப்படும் புடவையோ, கோடையில் உடம்போடு ஒட்டி வேர்க்க வைக்கும் வழவழப்பான செயற்கை இழைத் துணி. பருத்தியின் குளிர்ச்சியை வாடிக்கையாளரிடம் வர்ணிக்கும் ஒரு பெண் தன் தோளில் அந்தக் குளிர்ச்சியை அறியாமல் நிற்பது எனக்கு ஆறாத மனவருத்தம் தருகிறது. அவள் காட்டும் அரக்குப் புடவை அவளுடைய சீருடையின் மினுமினுப்பான நீலத்தின்மேல் தன் உண்மை நிறத்தை இழப்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் பல, நெய்த சரக்குக்கு ஆர்டரை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. அடுத்த தீபாவளிக்குத் தம் பணியாளர்களின் சீருடைக்குத் துணி எடுக்கப்போகும் ஜவுளிக்கடை முதலாளிகள், அந்தச் சங்கங்களிடமிருந்து வெளுத்த பருத்திப் புடவைகளை, மெல்லிய கரை போட்டு, வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.