தாம்பரம் வரைக்கும்

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தில் நின்றால் கடல் தெரியாது, துறைமுகம் மறைத்துக்கொண்டிருக்கிறது. பாதை அங்கேதான் தொடங்குகிறது என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே கூடினோம்.

பள்ளித் தோழர்கள் கூடுவதென்றால் ஓட்டலில் மேசை போடுவதுதான் வழக்கம். வாயாடிகள் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இம்முறை மின்சார ரயில் என்று முடிவானது. எங்கள் பள்ளி எழும்பூர்ப் பக்கம். எல்லோரும் தெற்கே ஆளுக்கொரு ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள். வகுப்பில் ஒரே பெயரில் பலர் இருந்ததால் ஸ்டேஷன் பெயரே ஆளின் பெயராகிவிட்டது: மாம்பலம், சைதாப்பேட்டை, பழவந்தாங்கல், தாம்பரம். நான் பல்லாவரம்.

1931-ல் இந்தப் பாதையில் மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கடற்கரையிலிருந்து தாம்பரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நாங்கள் போய்வந்தது அந்தக் குறுகலான பெட்டிகளில்தான். 2004-ல் மீட்டர்கேஜ் வண்டிகள் நின்றுபோயின. இப்போது ஓடுவது அகலப் பாதை. பெண்பிள்ளைகள் அப்போது மகளிர் பெட்டியில் ஏறிவிடுவார்கள். ஆகவே பழவந்தாங்கலும் நாங்களும் ஒரே பெட்டியில் உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தோம்.

கோட்டையும் பூங்காவும் சட்டென்று கடந்தன. 1908-ல் திறந்த எழும்பூர் நிலையத்தின் செங்கல் நிறமும் வெள்ளைக் குவிமாடங்களும் தெரிந்ததும் பேச்சின் சத்தம் கூடியது. எங்கள் மாலைகள் தொடங்கிய இடம் அது. கூவத்தைத் தாண்டி, லயோலா கல்லூரி ஓரமாக நுங்கம்பாக்கம், பிறகு கோடம்பாக்கம்.

அந்த நாளில் இந்த ரயில் எங்களை ஒவ்வொருவராக உதிர்த்துக்கொண்டே போகும். முதலில் இறங்குவது மாம்பலம். இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான். ரங்கநாதன் தெருவின் இரைச்சல் பிளாட்பாரம் வரைக்கும் வந்தது. ஸ்டேஷனிலிருந்து தியாகராய நகர் பஸ் நிலையத்துக்கு 2023-ல் போட்ட ஆகாய நடைபாதையை அவன் அன்றுதான் பார்த்தான். கதவருகே போய் நின்று பார்த்துவிட்டு, வண்டி கிளம்பியதும் திரும்பி வந்து உட்கார்ந்தான். அவன் இறங்காமல் ரயில் மாம்பலத்தைத் தாண்டியது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

சைதாப்பேட்டையைத் தாண்டியதும் அடையாறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டைக்காரனின் பழைய வீட்டில் கழுத்தளவு தண்ணீர். அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனதை அவன் சொன்னான். வாட்ஸ்அப் குழுவில் இத்தனை வருடமும் வாழ்த்துப் படம் மட்டுமே அனுப்புகிறவன். பாலத்தின்மேல் ரயில் போன அந்த நேரத்தில் அவன் பேசியதைப் போல அவன் பேசி நான் கேட்டதில்லை. ஓட்டல் மேசையில் இது வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். ரயிலில் அவரவர் ஸ்டேஷன் வரும்போது பேச்சு தானாக அவரவரிடம் போகிறது.

பரங்கிமலையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. 2018-ல் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் இங்கே சுவரில் மோதி உயிரிழந்தார்கள். நாங்களும் தொங்கிப் போனவர்கள்தான்.

பழவந்தாங்கலில் அவள் சுரங்கப்பாதையைக் காட்டினாள். மழை பெய்தால் அது நிரம்பிவிடும். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, புத்தகப் பையைத் தலையில் வைத்துக் கடப்பாளாம். மீனம்பாக்கம், விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம், அப்புறம் என் ஊர். பல்லாவரத்தில்தான் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழையவன் என்ற ஆராய்ச்சிக்கே வழிதிறந்த கல் அது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. ரயில் நின்ற அந்த அரை நிமிடத்தில் அவசர அவசரமாகச் சொன்னேன். ஒவ்வொரு பல்லாவரத்துப் பிள்ளைக்கும் இது தெரிய வேண்டும்.

வண்டி நகர்ந்தது. தினமும் நான் இறங்கிய பிறகு தாம்பரம் தனியாகப் போன தூரம் இனிமேல்தான்.

"இங்கேருந்து என்னடா பண்ணுவே?" என்று மாம்பலம் கேட்டான்.

"கணக்குப் போடுவேன். எவனாவது தொந்தரவு பண்ணினாத்தானே."

குரோம்பேட்டை வந்து போனது. தாம்பரம் சானடோரியத்தில் ரயில் நின்றபோது அவனே மேலே சொன்னான். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை இங்கே இருக்கிறது. பிற்பாடு அரசு மருத்துவமனை ஆனது. அவன் அப்பாவுக்கு அங்கே வார்டில் வேலை. வெளியூர் நோயாளிகள் பிளாட்பாரத்தில் இறங்கி, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பார்களாம். அப்படி யாரையாவது பார்த்தால் இவனும் இறங்கிவிடுவான். மூச்சு வாங்க நடக்கிறவர்களின் பையை வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவான். அதற்கப்புறம் வீட்டுக்கு நடை.

"எங்ககிட்ட ஏண்டா சொல்லவே இல்ல?"

"நீங்கதான் இறங்கிடுவீங்களே."

தாம்பரத்தில் எல்லோரும் சேர்ந்து இறங்கினோம். மேற்குப் பக்கம் டீ குடித்தோம். கிளாஸைக் கீழே வைத்ததும் பழவந்தாங்கல், "அந்த வாசல் எங்க இருக்கு, காட்டுடா, நடந்தே போகலாம்" என்றாள். ஜி.எஸ்.டி. சாலை வழியே சானடோரியம் பக்கம் திரும்பினோம், அவனை முன்னால் விட்டு.