ஓர் ஓசைக்கு 450 வெள்ளியா?

கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் இப்போது பாட்டைப் பற்றிப் பேசுவதில்லை, விலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் கல்யாண மண்டபங்களில் மேடைக்குப் பின்னால் நான் கேட்பது இதுதான். கீபோர்டு வாங்கியாகிவிட்டது, மடிக்கணினியும் இருக்கிறது. அதற்குள் போடுகிற ஓசைத் தொகுப்புக்கு, அவர்கள் மொழியில் 'டோன் பேக்'குக்கு, காசு பற்றவில்லை.

என் அக்காள் மகன் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். சனி ஞாயிறில் இசைக்குழுவில் வாசிப்பான். பெர்லினில் இருக்கும் நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் 'இந்தியா' என்ற தொகுப்பின் மேல் அவனுக்குக் கண். விலை 99 டாலர். டாலருக்கு நாலு வெள்ளி இருபது காசு என்று வைத்தால் 416 வெள்ளி. அதன் மேல் சேவை வரி. வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு 2020 ஜனவரியில் 6 விழுக்காடாக வந்த அந்த வரி 2024 மார்ச்சில் 8 ஆனது. ஆகக்கூடி 450 வெள்ளி.

2025 பிப்ரவரியிலிருந்து நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரன் இந்தத் தொகுப்பை வாங்க 50 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும். அமெரிக்காவில் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், அங்கே 14 மணி நேரம் போதும். அங்கே இரண்டு நாள் கூலி, இங்கே ஒரு வாரக் கூலி. பொருள் ஒன்றுதான்.

1990களில் நான் வாசித்தபோது ஓசைகள் பெட்டியோடு வந்தன. 1994-இல் வந்த ரோலண்ட் ஜேவி-1080இல் கூடுதல் ஓசைக்கென்று நாலு அட்டைகள் செருக இடமுண்டு. எங்கள் குழுவில் யாரிடமும் ஓர் அட்டைகூட இருந்ததில்லை. பினாங்கில் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால் அட்டைக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. பணமுடை வந்தால் இன்னொருவருக்கு விற்கலாம். இன்றைய மென்பொருளில் சில நிறுவனங்கள் உரிமத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றவே விடுவதில்லை. நாலு வருடம் கழித்து அதில் பத்துக் காசு திரும்பி வராது.

இதனால்தான் பென் டிரைவில் திருட்டுப் பிரதி கைமாறுகிறது. ஒரு காலத்தில் பாசார் மாலாமில் தட்டாக விற்றது, இப்போது வாட்ஸ்அப்பில் இணைப்பாக வருகிறது. 'எல்லாரும் பண்றாங்க மாமா' என்கிறார்கள். எல்லாரும்தான் பண்ணுகிறார்கள்.

விலை அதிகமா என்று கேட்டால், வேலையைப் பார்த்தால் அதிகமில்லை என்பதுதான் என் எண்ணம். ஒரு நாதஸ்வரத்தை உருவாக்கச் சும்மா ஒரு தரம் ஊதிப் பதிவு செய்தால் போதாது. ஒவ்வொரு சுரத்தையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று பல தரம் ஊத வேண்டும். சட்ஜமத்திலிருந்து ரிஷபத்துக்கு இழைந்து போகும் கமகம் சுரத்தில் இல்லை, மூச்சில் இருக்கிறது. அதையும் தனியாகப் பிடிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான துண்டுகளை வெட்டி ஒட்ட ஆட்கள் வேண்டும். ஊதியவருக்கு அன்றைய கூலி கொடுத்தார்களா, விற்கும் ஒவ்வொன்றிலும் பங்கு கொடுக்கிறார்களா என்பதைப் பெட்டியில் எழுதுவதில்லை. 450 வெள்ளியில் எனக்கு உறுத்துவது அதுதான்.

இன்னும் சிலதும் உறுத்துகிறது. சின்ன நிறுவனங்களின் தொகுப்புகள் முப்பது, நாற்பது டாலருக்குக் கிடைக்கும். ஆசையாக வாங்கினால் அவற்றில் பல இலவச கொண்டாக்டில் ஓடாது, முழு கொண்டாக்ட் வேண்டும். அதன் விலை 299 டாலர். சோறு மலிவு, பானை விலை! சில நிறுவனங்கள் மாத வாடகை கேட்கின்றன. வாடகையை நிறுத்தினால் ஓசையும் நின்றுவிடும். நவம்பர் பிறந்தால் பாதி விலை என்று மின்னஞ்சலாகக் கொட்டுகிறது. பாதிக்குக் கொடுத்தும் கட்டுப்படியாகிறது என்றால் மற்ற பதினொரு மாதத்து விலைக்கு என்ன பொருள்? ஸ்பாட்டிஃபை ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விலை வைக்கிறது. கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீமும் அப்படித்தான். பாட்டைக் கேட்பவனுக்குக் காட்டுகிற சலுகையை வாசிப்பவனுக்கும் காட்டலாம்.

காசே இல்லை என்பவர்களுக்கு வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி என்று இலவச சிந்தசைசர்கள் இருக்கின்றன, தரமும் உண்டு. ஆனால் கோயில் திருவிழாவில் அதை வைத்து என்ன செய்வது? உறுமி ஓசை அதில் இல்லை.

மருமகன் கடைசியில் உறுமியை அவனே பதிவு செய்தான். பீடோங் பக்கம் பழைய தோட்டக் கோயில் மண்டபம் ஒன்றில், மேளக் குழுப் பையன்கள் மூன்று பேருக்குத் தலைக்கு நூறு வெள்ளி கொடுத்து, ஒலிவாங்கியை 150 வெள்ளிக்கு வாடகைக்கு எடுத்து, இரவு பத்து மணிக்கு மேல் மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கக் காத்திருந்து பிடித்தான். வெட்டி ஒட்ட இரண்டு மாதம் ஆயிற்று. நண்பர்களுக்கு அறுபது வெள்ளி என்று விலை வைத்தான். 'அறுபதா? ஜாஸ்திலா' என்றார்கள் அவன் குழுவிலேயே. அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். விலையைக் குறைக்கவில்லை.

இதுவரை ஏழு பேர் வாங்கியிருக்கிறார்கள். போட்ட முதலுக்கு இன்னும் முப்பது வெள்ளி வர வேண்டும். 'இந்தியா'வுக்கு நவம்பர் வரட்டும் என்று காத்திருக்கிறான்.