கெத்தை ரோடு

ஊட்டிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழி, கோத்தகிரி வழி என்று இரண்டு இருப்பது எல்லாருக்கும் தெரியும். மூன்றாவதாக ஒன்று உண்டு. காரமடையில் மேற்கே திரும்பி, வெள்ளியங்காடு, அத்திக்கடவு, முள்ளி, கெத்தை என்று காட்டுக்குள் போய் மஞ்சூரில் கரையேறும் வழி. கெத்தைக்கும் மஞ்சூருக்கும் நடுவில் மட்டும் 43 கொண்டை ஊசி வளைவுகள். சைக்கிளில் மலை ஏறுகிறவனுக்கு நீலகிரியில் இதைவிட நல்ல சாலை கிடையாது என்பது என் கட்சி. மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறுகிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே 36 வளைவுதான், ஆனால் ஒவ்வொன்றும் நெஞ்சைப் பிடித்து இழுக்கும் செங்குத்து. 2008 முதல் நடக்கும் ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ சைக்கிள் பயணத்தில் வீரர்களைச் சோதிப்பதும் அந்த ஏற்றம்தான். பலத்தைப் பார்க்க வேண்டுமானால் கல்லட்டிக்குப் போகலாம். எனக்கு ஆற்றைப் பார்க்க வேண்டும்.

ஆறு என்றதும் தண்ணீர் பாட்டில் ஞாபகம் வருகிறது. கோவையில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவது பில்லூர்த் தண்ணீர். இருட்டோடு எழுந்து பாட்டில் இரண்டையும் குழாயில் நிரப்பி, சைக்கிளில் செருகிக்கொண்டு கிளம்புவேன். அத்திக்கடவில் பவானி ஓரம் நின்று முதல் மடக்குக் குடிக்கும்போது, இந்தத் தண்ணீரை அது புறப்பட்ட இடத்துக்கே தூக்கி வந்திருக்கிறோமே என்று தோன்றும். பில்லூர் அணை அங்கிருந்து பக்கம். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற தெருக்காரர்களுக்கு எப்போதும் ஒரு மிதப்பு உண்டு. எங்கள் அம்மாவுக்கே அந்த ஏக்கம் இருந்தது. சிறுவாணியும் அட்டப்பாடியில் பவானியோடுதான் கலக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார். “அந்த ருசி வருமாடா?” என்பார்.

பவானி போகிற போக்கே தனி. நீலகிரியின் மேல் விளிம்பில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, அமைதிப் பள்ளத்தாக்கின் ஓரமாகவும் அட்டப்பாடி வழியாகவும் சுற்றி, முகத்தைக் கிழக்கே திருப்பி மறுபடி நம் பக்கம் வருகிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே. கபினி, பாம்பாறு, பவானி. ஆனால் முழுப் பவானியும் அந்தச் சுற்றுவழியில் போவதில்லை. மேல் பவானி அணையில் பிடித்த தண்ணீரை மலைக்குள் குடைந்து அவலாஞ்சிப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அது எமரால்டு, குந்தா, கெத்தை, பரளி என்று படிப்படியாக இறங்கிப் பில்லூருக்கு வருகிறது. மேலே பிரிந்தவை கீழே அணையில் சேர்கின்றன. நான் சைக்கிளில் ஏறுவது அந்த இரண்டாவது வழியில், தண்ணீருக்கு எதிர்த்திசையில்.

இதை எனக்குக் காரமடைத் தேர்த்திருவிழாவில் யாராவது சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்! மாசி மகத்துக்கு அப்பா தன் ஹெர்குலஸில் முன்பாரில் சின்ன சீட் மாட்டி என்னை உட்காரவைத்துக் கூட்டிப்போவார். அரங்கநாதருக்குப் பந்த சேவை எடுப்பவர்கள், தண்ணீர் சேவை செய்பவர்கள், வெயிலில் ஆடி வரும் தாசர்கள். தோல்பையில் தண்ணீர் சுமந்து வந்து சாமிக்குச் செய்கிற சேவையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கூட்டத்துக்கு மேலே மேற்கில் நீலமாக மலை நிற்கும். “அதுக்குப் பின்னாடி என்னங்கப்பா இருக்குது?” என்று கேட்டால், “காடு, ஆனை, கரண்டு ஆபீஸ்” என்பார். பிற்பாடு போய்ப் பார்த்தபோது அந்த மூன்றும் அந்த வரிசையிலேயே இருந்தன.

வெள்ளியங்காடு வரை தோட்ட நாடு. பாக்கு, வாழை, தென்னை. வாய்க்கால் ஓரத்தில் நாய் தூங்கும். அதற்கப்புறம் சாலை சட்டென்று காட்டுக்குள் நுழைந்துவிடும். முள்ளுக்காடு, பிறகு மூங்கில், பிறகு இலையுதிர்க்காடு. மே மாதத்தில் எல்லாம் எலும்பாக நிற்கும். இரண்டு மழை விழுந்தால் அடையாளம் தெரியாது. இருளர் ஊர்கள் அங்கங்கே தென்படும். பரளிக்காடு, பூச்சமரத்தூர்ப் பக்கம் பிரிந்து போனால் பில்லூர் நீர்த்தேக்கத்தில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து பரிசல் விடுகிறார்கள். அந்த ஊர்ப் பெண்கள் கையால் சமைத்த சாப்பாட்டுக்காகவே போகலாம்.

வெள்ளியங்காட்டில் டீக்கடை வைத்திருந்த ஓர் அம்மா இப்போது இல்லை. நான் சைக்கிளைச் சாய்த்ததும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு வானத்தை. “ஏனுங் கண்ணு, இந்நேரத்துக்கேவா? வெயில் ஏறட்டும், போலாம். ஆனை இன்னும் ரோட்டுலதான் நிக்குமுங்க.” இரண்டாவது டீயும் அவரே போட்டு வைப்பார், காசு வாங்க மாட்டார். நான் அந்தச் சாலையில் கற்றுக்கொண்ட பாதுகாப்பெல்லாம் அந்தப் பெஞ்சில் காத்திருந்து கற்றதுதான். கெத்தையில் யானை பஸ்ஸை மறித்தது என்ற செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறது. பஸ் வருவதை யானை தூரத்திலேயே கேட்டுவிடும். சைக்கிள் வருவது அதற்குத் தெரியாது. வளைவில் திடீரென்று எதிரில் முளைக்கிற மனிதன்தான் அதைப் பயமுறுத்துகிறான். அதனால் வளைவுக்கு முன்பே பெல் அடிக்க வேண்டும், பேச்சுக்கொடுத்துக்கொண்டே போக வேண்டும். புதிதாக ஒடித்த மூங்கிலோ ஆவி பறக்கும் சாணமோ கண்ணில் பட்டால் இறங்கி நின்றுவிட வேண்டும். பஸ்ஸோ ஜீப்போ வந்தால் அதன் பின்னால் போகலாம். பலாப்பழ காலத்தில் இன்னும் கவனம்.

அத்திக்கடவைத் தாண்டி வந்துவிட்டேன். திரும்ப அங்கே போக வேண்டும். அது எனக்கு ஊராக அறிமுகமாகவில்லை. சுவரெழுத்தாக அறிமுகமானது. அம்மாவின் ஊர் அன்னூர்ப் பக்கம். விடுமுறைக்குப் போனால் வழிநெடுக, பள்ளிக்கூடச் சுவரில், பாலத்துக் கைப்பிடியில், ‘அத்திக்கடவு அவினாசி திட்டத்தை நிறைவேற்று’ என்று எழுதியிருக்கும். தேர்தலுக்குத் தேர்தல் புதுச் சுண்ணாம்பு, அதே எழுத்து. குளத்தில் மாடு மேயும். மாமா ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வந்தது. மாமாவுக்கு அத்திக்கடவு எங்கே இருக்கிறது என்று கடைசிவரை தெரியாது. பெரிய மலை, பெரிய ஆறு, அங்கே வீணாய்ப் போகிற தண்ணீர் என்று மட்டும் சொல்வார். முதன்முதலில் சைக்கிளில் அங்கே போய், பச்சையாய் ஓடும் பவானியைப் பார்த்தபோது அவரைக் கூட்டி வரவில்லையே என்றிருந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் மக்கள் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர். பெயர்தான் அத்திக்கடவு, தண்ணீரை எடுப்பது வெகுதூரம் கீழே, பவானி காவிரியில் சேரப்போகும் இடத்தில், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே. அங்கிருந்து மேட்டுக்குப் பம்பு போட்டு ஏற்றுகிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் காளிங்கராயன் கட்டிய அணை, இன்றும் வேலையில் இருக்கிறது.

கீழே என்றதும் திம்பம் மலைச்சாலை ஞாபகம் வருகிறது. பவானிசாகரிலிருந்து பண்ணாரி போய், 27 வளைவு ஏறி, ஆசனூர். அந்தச் சாலையை நான் விரும்பியதே இல்லை, அதன் காட்டை விரும்பியும். ஒவ்வொரு வளைவிலும் லாரி திணறிக்கொண்டு நிற்கும். புகைக்குள் மூச்சு வாங்கி ஏற வேண்டும். 2022 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவால் இரவுப் போக்குவரத்துத் தடை வந்தபோது தாளவாடிக்காரர்கள் கோபப்பட்டார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் அந்த வழியாகத்தான் வர வேண்டும், அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் இரவெல்லாம் லாரி ஓடிய சாலையில் அடிபட்டுக் கிடந்த சிறுத்தைகளின் படங்களைப் பார்த்தவனாக, தடை சரி என்றே நினைக்கிறேன். பண்ணாரிக்கு இந்தப் பக்கம் பவானிசாகர் நீர்த்தேக்கம். மாயாறு வந்து பவானியில் சேருமிடம் அதற்குள் அடங்கிப்போயிற்று, 1955-இல் அணை முடிந்தபோது டணாய்க்கன் கோட்டையும் முழுகிற்று. தண்ணீர் வற்றும் கோடையில் மாதவப்பெருமாள் கோயில் வெளியே வரும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறுகிற 40 வளைவுகளையும் சொல்லாமல் விட முடியாது. ஒன்பதாவது வளைவில் நின்றால் ஆழியாறு அணை முழுசாகக் காலடியில் தெரியும். வரையாடுகள் தடுப்புச் சுவரில் ஏறி நம்மை வேடிக்கை பார்க்கும். மேலே புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையில் இறங்காமல் தாண்ட மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அழகில் இந்தச் சாலைக்குத்தான் முதலிடம். விடுமுறை நாளில் கார் வரிசையைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிவிடத் தோன்றும். கெத்தையில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு வண்டி, சில சமயம் அதுவும் இல்லை. சங்கிலி பல்சக்கரத்தில் ஏறும் சத்தமும் நம் மூச்சும் மட்டும்.

அந்த 43-ஐ ஏறுவதற்குத் தனி வித்தை ஏதுமில்லை. பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரமாகப் போட்டு, வளைவில் வெளிப்பக்கமாக ஓட்டி, நேரான இடத்தில் உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். உள்பக்கம் செங்குத்து அதிகம், அங்கேதான் புதியவர்கள் மூச்சை விடுவார்கள். ஏறும்போது பள்ளத்தாக்கின் எதிர்ச்சுவரில் ராட்சதக் குழாய்கள் தெரியும். 1950களில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டு உதவியோடு தொடங்கிய குந்தா மின்திட்டம் இது. குந்தாவில் 60 மெகாவாட், கெத்தையில் 175, பரளியில் 180, பில்லூரில் 100. ஒரே தண்ணீர் நான்கு இடத்தில் சக்கரம் சுற்றிவிட்டு, அதற்கப்புறம் எங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. இந்தச் சாலையே அந்த வேலைக்காக இயந்திரமும் சிமெண்டும் ஏற்றவும் ஆட்கள் போய்வரவும் பழகிய சாலை. கட்ட வந்தவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். மஞ்சூர்க் கடைத்தெருவில் படுக மொழியும் மலையாளமும் கோயம்புத்தூர்த் தமிழும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும். சுரங்கம் வெட்டுவதில் உயிர் விட்டவர்களைப் பற்றி அங்கே ஒரு பெரியவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருடைய அண்ணனும் அதில் ஒருவர். “விளக்குப் போடும்போது நெனச்சுக்குவேன் தம்பி” என்றார்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் வருகிற இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். சிறுவாணி பற்றி அப்புறம் அவர் பேச்சே எடுக்கவில்லை என்று சொல்ல ஆசைதான், எடுத்தார். ஆனால் குழாயை மூடாமல் பாத்திரம் கழுவுகிறவர்களைத் திட்டுவதற்குக் கெத்தையைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொழுது நன்றாக ஏறிய பிறகு வெள்ளியங்காட்டைத் தாண்டுங்கள், வெயில் சாய்வதற்குள் மஞ்சூர் சேர்ந்துவிடுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சோதனைச்சாவடியில் கேளுங்கள், இன்று வேண்டாம் என்றால் மறுபேச்சில்லாமல் திரும்புங்கள். தனியாகப் போகாதீர்கள். தின்பண்ட உறைகளைப் பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். ரிம் பிரேக் உள்ள சைக்கிள் என்றால் இறக்கத்தை இந்த வழியில் வைத்துக்கொள்ள வேண்டாம். வளைவுக்கு வளைவு பிடித்துப் பிடித்து ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். மஞ்சூரிலிருந்து குன்னூர் வழியாக இறங்குங்கள். ட்யூப் இரண்டும் காற்றடிக்கும் பம்பும் கட்டாயம். வெள்ளியங்காட்டுக்கும் மஞ்சூருக்கும் நடுவில் சைக்கிள் கடை எதையும் நான் பார்த்ததில்லை.