நிலாவுக்குப் பின்னால்

கிரகணத்துக்குக் கிடைக்கும் மரியாதை மறைப்புக்குக் கிடைப்பதில்லை. கோயில் நடை சாத்துவதில்லை. தர்ப்பைப் புல்லைத் தேடுவாருமில்லை. நிலா போகிற வழியில் ஒரு கோளை விழுங்கி, ஒரு மணி நேரம் போல் வைத்திருந்து, மறுபுறம் உமிழ்ந்துவிட்டு நகர்கிறது. அவ்வளவுதான்.

2023 மார்ச் 24 அன்று வெள்ளி அப்படி மறைந்தது. நம் பக்கத்தில் எல்லாம் பகல் வெளிச்சத்திலேயே நடந்து முடிந்துவிட்டதால், வாணியம்பாடியில் ஒரு மொட்டை மாடியில் கூடியிருந்த நாங்கள் கண்டது பின்கதையைத்தான். சூரியன் இறங்கிய பிறகு, மெல்லிய பிறையின் கீழே தொங்கட்டானாய் வெள்ளி. அன்று ரமலானின் முதல் நோன்பு. பாங்கு ஒலித்து, நோன்புக் கஞ்சி குடித்து முடித்தவர்கள் தெருவில் அண்ணாந்து நின்றார்கள். தோல் பதனிடும் தொழிற்சாலையிலிருந்து திரும்பியவர்களும் வண்டியை நிறுத்தினார்கள். "பிறையும் நட்சத்திரமும், பாருங்க" என்றார் கீழே ஒரு பெரியவர். அது நட்சத்திரமல்ல, கோள் என்று சொல்ல எங்கள் நண்பர் வாயெடுத்தார், சொல்லவில்லை. நல்லதாயிற்று. நிலா 4 லட்சம் கிலோமீட்டருக்குள், வெள்ளியோ சுமார் 18 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் என்னும் கணக்கை அந்த நேரத்தில் யார் கேட்டார்கள்?

மேற்கு நோக்கி நின்ற எங்கள் முதுகுப்புறம் ஜவ்வாது மலை. அதில்தான் காவலூர் வானாய்வகம். நிலாவின் ஓரத்தில் விண்மீன் சட்டென்று அணைகிறது. அது வெறும் புள்ளி, நிலாவுக்கோ காற்றில்லை. வெள்ளிக்கு வட்டு உண்டு, ஆகவே அணைய அரை நிமிடமாகிறது. ஒளி எப்படி அணைகிறது என்பதையே அளந்தவர்கள் காவலூர்க்காரர்கள்.

1972 ஜூன் 7 அன்று வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு மங்கலான விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் அதைப் பதிவு செய்தார்கள். கனிமீடுக்கு மெல்லிய காற்றுறை இருக்கலாம் என்பது அன்றைய முடிவு. அப்படி இருந்தாலும் அது மிக மிகச் சொற்பம் என்று 1979இல் வாயேஜர் காட்டியது.

1977 மார்ச் 10 அன்று நடந்தது இன்னும் விசித்திரம். யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கியபோது, ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனைக் கவனித்தார்கள். எதிர்பாராமல் சில விநாடிகள் ஒளி குன்றியது. புதிய துணைக்கோள் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே நேரம் இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்தில் பறந்துகொண்டிருந்த ஜேம்ஸ் எலியட் குழுவினர் கோளின் இருபுறமும் ஒத்த இடைவெளிகளில் ஒளி பலமுறை குன்றியதைக் கண்டார்கள். யுரேனஸின் வளையங்கள் அப்படித்தான் உலகுக்குத் தெரியவந்தன.

கைக்கு வந்ததைக் காவலூர் நழுவவிட்டது என்று இதைச் சொல்லலாம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஓரிடத்தில் நின்று, ஒரு முறை மங்கியதை மட்டும் கண்டவர் வேறென்ன எழுதுவார்? வளையம் சனிக்கு மட்டுமே உரியது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.