சூரைச்செடியின்கீழ் ஓர் அடை



தாராவியில் எங்கள் ஜெபக்கூடம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. படியேறுகையில் மூச்சு வாங்கியதையும் நெஞ்சு படபடத்ததையும் நான் சத்துருவின் போராட்டம் என்றே எண்ணினேன். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மயங்கி விழுந்தபோதும் அப்படியே எண்ணினேன்.

பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.8 கிராம் என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே இரத்தசோகை. மருத்துவர் அம்மா, "பச்சரிசி தின்பதுண்டா?" என்று கேட்டார். தலைகுனிந்தேன். அரிசியில் கல் பொறுக்குகையில் கைப்பிடி கைப்பிடியாய் மென்றது என் கணவரும் அறியாத இரகசியம். இரும்புச்சத்துக் குறைந்தவர்கள் சிலர் அரிசி, மண், சாக்பீஸ் முதலியவற்றுக்கு ஏங்குவார்களாம். பிராணவாயுவை உடலெங்கும் சுமப்பது ஹீமோகுளோபின். இரும்பின்றி அது உண்டாவதில்லை.

மாத்திரைகளை வாங்கினேன், விழுங்கவில்லை. அவிசுவாசமாகிவிடுமோ என்று அஞ்சி, இரண்டு வாரம் வேதாகமத்தின் பின்னால் ஒளித்து வைத்தேன். அதைக் கண்ட போதகர் அம்மா கடிந்துகொள்ளவில்லை. 1 இராஜாக்கள் 19-ஐத் திறந்து வாசிக்கச் சொன்னார்கள். சாக விரும்பிப் படுத்திருந்த எலியாவுக்குத் தூதன் கொண்டுவந்தது பிரசங்கமல்ல, இருமுறையும் ஆகாரமே. ஓரேபில் கர்த்தர் பேசினது அதற்குப் பின்புதான். அன்றிரவே முதல் மாத்திரையை விழுங்கினேன்.

மாதந்தோறும் இரத்தம் இழக்கிற நமக்கு இரும்பு அதிகம் தேவை. நானோ காலையில் சாயும் பாவும், மதியம் உண்டவுடன் மறுபடியும் சாய் என்றிருந்தேன். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கீரையின் இரும்பு சிறிதளவே உடலில் சேரும். எலுமிச்சையோ கொய்யாவோ கூடினால் அவற்றின் வைட்டமின் சி உதவும். மீனிலும் ஈரலிலும் உள்ளது எளிதாய்ச் சேரும். (இரத்தப் பொரியல் நமக்கு ஆகாது, ஈரல் ஆகும். ஆனால் அதில் வைட்டமின் ஏ மிகுதி, கர்ப்பிணிகள் தவிர்க்கட்டும்.) இரும்பு மாத்திரையைப் பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து உண்ணாதீர்கள். மலம் கறுக்கும், பயப்படாதேயுங்கள்.

இரண்டு மாதத்தில் 10.6 ஆயிற்று, ஸ்தோத்திரம். அளவு சரியான பின்னும், உடலின் சேமிப்பு நிறைய மூன்று மாதம் தொடர வேண்டுமாம்.

நேற்று என் பதினான்கு வயது மகள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். கல்லைப் பொறுக்கிய கை வாய்க்குப் போயிற்று. என்னைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினாள். திங்கட்கிழமை அவளைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறேன், ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.