முத்திரை இருந்தால்தான் மானியம்

டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் பிராண்டெ என்றொரு சிற்றூர். ஈழத்தமிழர் கட்டிய அபிராமி அம்மன் கோயில் அங்கே இருக்கிறது. போனஸ் என்ற காற்றாலைக் கம்பெனி பிறந்ததும் அதே ஊரில்தான்; 2004இல் அதைச் சீமென்ஸ் வாங்கியது. நான் தேடிப் போனது அதற்கு முந்தைய பட்டறைக் காலத்தை. எண்பதுகளின் கடைசியில் ஒரு இறக்கைப் பட்டறையில் சேர்ந்து, அங்கேயே ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் எனக்கு அகப்பட்டார்.

கைகளை விரித்து அச்சின் அகலத்தைக் காட்டினார். கண்ணாடி நாரில் நெய்த துணியை அச்சுக்குள் படுக்கப்போட்டு, பிசினைத் தூரிகையால் தடவி, மேலே உருளையை ஓட்ட வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி தங்கினால் பின்னாளில் அந்த இடத்தில்தான் விரிசல் விடும். அடுக்கடுக்காக இப்படி இரண்டு ஓடுகள் செய்து, நடுவில் தண்டு வைத்து ஒட்டினால் ஒரு இறக்கை. பிசின் நெடி தலையைக் கிறுகிறுக்க வைக்கும். நார்த்தூசி பட்ட கை இரவெல்லாம் அரிக்கும். எனக்குப் புதிதாக இருந்தது எடை பார்க்கும் வேலை. “மூண்டு செட்டையும் ஒரே பாரமா இருக்கோணும், தம்பி. ஒண்டு கூடிப்போனா கோபுரமே ஆடும்” என்றார்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு டென்மார்க்கில் காற்றாலை செய்ய இறங்கியவர்களில் பலர் முதலில் காற்றாலைக்காரர்கள் இல்லை. முன்னோடிகளில் ஒருவரான ரீசாகர் ஒரு தச்சர். வெஸ்டாஸ் கம்பெனியின் வேர் லெம் ஊரில் 1898இல் தொடங்கிய கொல்லுப்பட்டறை. நார்ட்டாங்க் தொட்டிகள் செய்தது. போனஸின் தாய்க் கம்பெனி வயலுக்கு நீர் தெளிக்கும் கருவி செய்தது. நம் கோயம்புத்தூர் பம்ப்செட் பட்டறைகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். இறக்கைக்குப் பேர்போன எல்எம் முதலில் மேசை நாற்காலியும் பிறகு ஃபைபர் படகும் செய்துவந்தது.

டென்மார்க் அரசு இவர்களுக்குச் செய்த உதவியில் ஒரு சூட்சுமம் உண்டு. 1979இல் காற்றாலை விலையில் 30 சதவீதத்தை மானியமாகத் தர ஆரம்பித்தார்கள். அந்தப் பணம் பட்டறைக்குப் போகவில்லை, வாங்குகிறவர் கைக்குப் போனது. அதிலும், ரீசோ ஆய்வுக்கூடத்தின் சோதனை நிலையம் தேறியது என்று சொன்ன மாதிரிக்குத்தான் மானியம். அந்த நிலையம் 1978இலேயே தொடங்கிவிட்டது. ஒரு பிரேக் பழுதானால் இன்னொன்று தானாகப் பிடிக்க வேண்டும் என்று ரீசோ விடாப்பிடியாக நின்றது. புயலில் கட்டவிழ்ந்து சுழன்று இறக்கை தெறிக்கும் ஆபத்துக்கு அதுதான் மருந்து. இறக்கை நுனி தனியே திரும்பிக் காற்றைத் தடுக்கும் அமைப்பு அப்படித்தான் பரவியது. தேறாத பொருளை முழு விலை கொடுத்து எந்த விவசாயி வாங்குவார்? முத்திரைக்காகப் பட்டறைகள் தாமாகவே திருந்தின. மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து 1989இல் நிறுத்திவிட்டார்கள்.

மானியம் மட்டுமே இவர்களை வளர்த்தது என்று நான் சொல்லமாட்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் கிடைத்த வரிச்சலுகை பெரிய சந்தையைத் திறந்துவிட்டது. 1985 முடிவில் அந்தச் சலுகை சுருங்கியதும் அடுத்த ஆண்டே வெஸ்டாஸ் திவாலாகி, பிறகு காற்றாலையை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்தது. ஜெர்மனியோ எடுத்த எடுப்பிலேயே 3 மெகாவாட் குரோவியானைக் கட்டி, 1988இல் பிரித்துப் போட்டது. டென்மார்க் பட்டறைகள் 22, 30, 55 கிலோவாட் என்று படிப்படியாக ஏறின.

பெரியவருக்குத் தமிழ்நாட்டின் முப்பந்தல் காற்றாலைகள் பற்றிக் கேட்க ஆசை. டென்மார்க் உதவியோடு அங்கும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நட்டதைச் சொன்னேன். தொண்ணூறுகளில் நம் அரசு தந்த சலுகை வேறு மாதிரி: முதல் ஆண்டே முழுத் தேய்மானம் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. காற்றாலை எவ்வளவு மின்சாரம் தந்தது என்பதற்கும் அந்தச் சலுகைக்கும் சம்பந்தமில்லை. நூற்பாலைகள் வாங்கிக் குவித்தன. தரம் பார்க்கும் தேசிய மையம் சென்னையில் 1998இல்தான் வந்தது. கயத்தாற்றில் அதன் சோதனை நிலையத்தை அமைக்கத் துணைநின்றது அதே ரீசோ.

“அப்ப முதல்ல காசு, பிறகு சோதினையோ?” என்று சிரித்தார் பெரியவர்.